ஏரிக்கரையில் கேட்ட கேதம்

இந்த ஊரில் வெயில் அடித்தால் ஜனங்கள் நிழலைக் காலி செய்துவிட்டு வெயிலுக்குப் போய்விடுகிறார்கள். வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது மட்டும் பிடிபடவில்லை. ஜூன் பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வானம் நீலமாக இருந்துவிட்டால் போதும், நகரத்துக்கு வெளியே இருக்கும் ஏரிக்கரை மணலில் துண்டை விரித்து வரிசையாகப் படுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் சிவந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு எங்கள் ஊரான மண்டபத்தில் கருவாடு காயப்போடுகிற பெண்கள் மீனைப் புரட்டிப் போடுவதுதான் ஞாபகம் வரும். மீனுக்காவது வேறு வழியில்லை. இவர்கள் கடையில் எண்ணெய் வாங்கித் தடவிக்கொண்டு காய்கிறார்கள். கரையில் பெரிய லிண்டன் மரம் ஒன்று நிற்கிறது. ஒரு கல்யாணக் கூட்டமே உட்காரலாம். வெயில் நாளில் அதன் அடியில் ஒரு ஈ காக்கை இருக்காது.

ஜெர்மனிக்கு வந்த முதல் கோடையில் நானும் என் கணவரும் மகள் நிலாவும் பாய், குக்கர், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நேராக அந்த மரத்தடிக்குத்தான் போனோம். எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு குடும்பம் இருந்தது. அவர்களும் பாய் விரித்திருந்தார்கள். பாயின் நடுவே ஒரு குண்டான், வாயைத் துணியால் கட்டி. அந்தக் குண்டானைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் வெளியே கிளம்பினால் ஆளுக்கொரு சின்ன டப்பாவில் நாலு வெள்ளரித்துண்டு கொண்டுபோவார்கள். குண்டானோடு வெளியே கிளம்புகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என் குக்கரைப் பார்த்தாள், தன் பாயைத் தள்ளிப் போட்டு எங்களுக்கு இடம் விட்டாள். அவள்தான் அக்கோசுவா. கானா நாட்டில் குமாசி ஊர்க்காரி. இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறாள். கணவர் பெயர் கோஃபி.

குண்டானில் தக்காளி போட்ட சிவப்புச் சோறு. கூடவே ஒரு பாட்டிலில் கறுப்பாக ஏதோ இருந்தது. ஷிட்டோ என்றாள். அவள் மூடியைத் திறந்தாள். காய்ந்த மீனும் கூனியும் மிளகாயும் எண்ணெயில் வெந்த வாசனை. மண்டபம் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் தெரு முழுவதும் அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது. கீழ்வீட்டுக்காரி புகார் சொல்வாளே என்று வீட்டில் கருவாடு வறுக்காமல் இருந்தவள் நான். அன்றைக்கு வெட்கமில்லாமல் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவளுக்கு என் அம்மாவின் கமுதி மிளகாய்ப் பொடியைக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர, "இதுதான் மிளகாய்" என்று சொன்னாள். எங்கள் இருவருக்கும் நடுவே பாதி ஜெர்மன், பாதி இங்கிலீஷ், மீதி கை. அது போதுமானதாக இருந்தது.

அன்றே அவள் என்னிடம், எந்தக் கிழமையில் பிறந்தாய் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அம்மா பெயர் தெரியாது என்று சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவர்கள் ஊரில் பிறந்த கிழமைதான் ஒருவரின் முதல் பெயராம். அவள் ஞாயிற்றுக்கிழமைக்காரி, கோஃபி வெள்ளிக்கிழமைக்காரர். கிழமை இல்லாதவளை எப்படிக் கூப்பிடுவது என்று அடம்பிடித்ததால் மரத்தடியில் இருந்தே ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு, அய்யாவுக்கு, வீடியோ கால் போட்டேன். அய்யா தன் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"வியாழக்கெழமைத்தா. அன்னைக்கு ராமேஸ்வரம் ட்ரிப்பு ஒண்ணு இருந்துச்சு. நீ பொறந்துட்டேன்னு போகல" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

வியாழக்கிழமைப் பெண்ணுக்கு யா என்று பெயர். அன்றிலிருந்து என் செல்வி என்ற பெயரை அக்கோசுவா ஒருநாளும் சொன்னதில்லை.

"யாருத்தா அது பக்கத்துல?" என்றார் அய்யா.

"பஸ் ஓட்டுறவங்க அய்யா. ரெண்டு பஸ்ஸை ஒட்டவச்ச மாதிரி நீளமா இருக்கும்."

"பொம்பளப் புள்ளையா? ஆத்தாடி! அதைச் சந்துல எப்படித் திருப்புதுன்னு கேளு."

அவ்வளவுதான். என்னை மொழிபெயர்க்க வைத்துவிட்டு இருவரும் ஸ்டியரிங், பிரேக், கண்ணாடி என்று அரை மணி நேரம் பேசினார்கள். பேச்சின் நடுவே அக்கோசுவா திடீரென்று கையைக் கட்டிக்கொண்டாள். "ஓபா பெல்ட் போடவில்லை" என்றாள். ஓபா என்றால் இங்கே தாத்தா. "வண்டி நிக்கிதுன்னு சொல்லு" என்றார் அய்யா. சொன்னேன். அவள் கையை எடுக்கவில்லை. போட்டால்தான் பேசுவாளாம். அய்யா சிரித்துக்கொண்டே எங்கிருந்தோ தேடி எடுத்து, தூசி தட்டி, பெல்ட்டை மாட்டினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால், நிற்கிற வேனில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் போனை எடுப்பார். ஓட்டும்போது போடுவதில்லை என்று தம்பி செந்தில் எனக்குத் தனியாகச் சொல்லுவான்.

அய்யாவின் வேனைப் பற்றிச் சொல்லவேண்டும். ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்க வருகிறவர்களை ரயிலடியில் ஏற்றி, அக்கினி தீர்த்தக் கடலில் இறக்கிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவர் பிழைப்பு. எந்தெந்த ஊர்க்காரர்களோ தங்கள் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடலுக்கு வருவார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னையும் தம்பியையும் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவர்கள் கடலில் குளித்து, தீர்த்தக் கிணறுகளில் குளித்து, ஐயரிடம் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் எங்களைத் தனுஷ்கோடிப் பக்கம் கூட்டிப்போய் மணலில் விடுவார். எங்கள் கோடைச் சுற்றுலா இப்படி அடுத்தவர் துக்கத்தில் ஒட்டிக்கொண்டுதான் நடந்தது. போகும்போது வேனுக்குள் சிரிக்கக் கூடாது. திரும்பும்போது சிரிக்கலாம். காலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேனில் வந்த ஒரு அம்மாள் சாயங்காலம் சங்கு விலை பேசுவதையும், எந்தக் கடையில் புரோட்டா நன்றாக இருக்கும் என்று அய்யாவிடம் கேட்பதையும் பார்த்து எனக்கு ஒருமுறை கோபம் வந்தது. இப்படியா சீக்கிரம் மறப்பார்கள் என்றேன். "மறக்கலைத்தா. கடல்ல குடுத்துட்டு வந்துட்டாகல்ல, இனிமே பேசலாம்" என்றார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. சாவியைத் திருப்புவதற்கு முன்னால், கண்ணாடியில் பின்னால் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பார். எல்லாரும் வாய்விட்டு "ஏறியாச்சு" என்று சொன்னால்தான் வண்டி நகரும். முன்பு ஒருமுறை கேட்காமல் கிளம்பி, பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் வந்தபிறகுதான் ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்ததாம். திரும்பிப் போனபோது அந்த மனிதர் மொட்டைத் தலையோடு கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வண்டி தன்னை விட்டுவிட்டுப் போனதே அவருக்குத் தெரியாதாம். இந்தக் கதையை அய்யா ஆயிரம் முறை சொல்லியிருப்பார். நான் அக்கோசுவாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினாள். வண்டி ஓட்டுகிறவளுக்குத்தானே தெரியும்.

கோடைகள் போயின. ஏரிக்கரை மரத்தடி எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சொந்த நிலம் மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமசுக்கு நாங்கள் போனோம், எங்கள் பொங்கலுக்கு அவர்கள் வந்தார்கள். அந்த முதல் பொங்கலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கண்ணாடி போட்ட மின்சார அடுப்பில் பானையை வைத்து, பால் ஏறுவதை எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான் குலவை போட நாக்கைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். நுரை விளிம்புக்கு வந்த அந்த நொடியில் அக்கோசுவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்து, பானையை அப்படியே தூக்கி மேடையில் வைத்துவிட்டாள். நுரை அடங்கிவிட்டது. பொங்கி வழிந்து அடுப்பு பாழாகாமல் காப்பாற்றிவிட்ட பெருமையோடு எல்லார் முகத்தையும் பார்த்தாள். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும், "வேண்டுமென்றே வழிய விடுவீர்களா? அதுதான், ஏன் இத்தனை பேரும் சும்மா நின்று பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றாள். மறுபடியும் வைத்தோம். இந்தத் தடவை நன்றாகவே வழிந்தது, புகைச் சத்தக் கருவி அலறியது, அதற்கு மேலே நான் குலவை போட்டேன். அக்கோசுவா வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு ஆடினாள்.

போன பிப்ரவரியில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. புதன்கிழமைக் குழந்தை, அக்குவா. குழந்தைக்குப் பெயர் வைத்து ஊருக்குக் காட்டுகிற விசேஷத்தை ஏப்ரலில் ஒரு மண்டபம் பிடித்து வைத்திருந்தார்கள். அதில் யாராவது ஒருவர் விரலில் தண்ணீர் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்கவேண்டும். வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. "நீதான் வைக்கிறாய்" என்றாள் என்னிடம். அவர்களுக்கு எத்தனையோ அத்தை, சித்தி இருக்க என்னைச் சொன்னாள். "இவளுடைய கோபமும் சேர்ந்து வரும், யோசித்துக்கொள்" என்றார் கோஃபி. நான் அந்த விசேஷத்துக்காக ஒரு பட்டுச்சேலை எடுத்துவைத்தேன்.

மார்ச்சில் அய்யா போய்விட்டார்.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். காலை ஷிஃப்டில் ஒரு அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். "அக்கா, அய்யா போயிட்டாக" என்றான். புதுப்பிக்கக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. விமானம் ஏற வழியில்லை. எல்லாவற்றையும் போனில் பார்த்தேன். யாரோ கையில் வைத்திருந்த போன் அது, ஆடிக்கொண்டே இருந்தது. அய்யாவின் முகத்தைவிட ஜனங்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். மறுநாள் அஸ்தியை அதே வேனில் வைத்து, தம்பி அதே பாலத்தைத் தாண்டி ஓட்டிப்போய் அக்கினி தீர்த்தத்தில் கரைத்தான். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் வந்து கரைக்கிற கடலுக்கு அதன் கரையில் பிறந்த நான் போய்ச் சேர முடியவில்லை. பாஸ்போர்ட் வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. "இனி வந்து யாரைப் பாக்கப் போறே, வருசத் தெவசத்துக்கு வாத்தா" என்றாள் அம்மா.

வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை கொடுத்தார்கள். அழகான அட்டை. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. துக்கத்தில் இருப்பவரைத் தனியாக விடுவதுதான் இவர்கள் காட்டுகிற மரியாதை. எனக்கோ தனியாக விட்டால்தான் பைத்தியம் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் கேதம் கேட்பது என்று ஒன்று உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு ஜனம் தானாக வரும். வருகிற பெண்கள் வாசலிலேயே குரல் எடுத்து, உள்ளே இருக்கிறவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் உட்காருவார்கள். கேதம் சொல்லிவிட ஆள் போகும். துக்கப்பட்டவள் தன் வாயால் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. நான் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டுப் பாயை விரித்து வைத்தேன். நாள் கணக்காக மடிக்கவே இல்லை.

"யாருக்குச் சொன்ன நீ? சொல்லாம யாரு வருவாக? அக்கோசுவாவுக்காவது நான் சொல்றேன்" என்றார் என் கணவர்.

"சொல்லாதீக. பச்சப்புள்ளக்காரி. நல்ல காரியம் வச்சிருக்கா. அங்கன போயி சாவுச் சேதி சொல்லுவாகளா?" என்றேன்.

சொல்லக்கூடாது என்று தடுத்ததும் நான்தான், வாசல் மணி அடிக்காதா என்று காத்திருந்ததும் நான்தான். இதில் நியாயம் ஒன்றும் கிடையாது. விசேஷ நாளில், உடம்பு சரியில்லை, வர முடியாது என்று ஒரு செய்தி அனுப்பினேன். கேதம் நடந்த வீட்டிலிருந்து கிளம்பிப்போய் ஒரு குழந்தையின் நாக்கில் நான் எப்படிக் கை வைப்பேன்? பட்டுச்சேலை அலமாரியிலேயே இருந்தது. அவளிடமிருந்து, சரி என்று ஒரு வார்த்தை வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. மே வந்தது, வெயில் வந்தது, ஜனங்கள் ஏரிக்கரையில் காயத் தொடங்கினார்கள். யாரும் எங்களைக் குண்டானைத் தூக்கு என்று கூப்பிடவில்லை. எனக்கு அய்யாவும் போய், மரத்தடியும் போய்விட்டது.

ஜூலையில் ஒருநாள் வேலை முடிந்து பேருந்தில் ஏறினால், ஸ்டியரிங்கில் அக்கோசுவா. மகப்பேறு விடுப்பு முடிந்து வந்திருக்கிறாள். ஊர்க்காரர்களுக்குச் சொல்வதுபோல எனக்கும் "குட்டன் டாக்" என்றாள். எனக்கு ரோஷம். இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்காமல் அவள் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தேன். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு அவள் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"யா, ஒன்று கேட்கிறேன். என் குழந்தையின் வாயைத் தொட உனக்குக் கூச்சமா?"

எனக்குப் புரியவில்லை.

"எங்கள் தோலைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்கிறவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். உடம்பு சரியில்லை என்றுதான் அவர்களும் சொல்வார்கள். நீயும் அப்படி இருப்பாய் என்று நான் நினைத்ததே இல்லை."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நானே கறுப்பி, என் கையைப் பார்த்து யார் யார் எங்கெங்கே இழுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? கத்தத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. தமிழில் என்றால் தவறிவிட்டார், போய்விட்டார் என்று தாங்கிப் பிடித்துச் சொல்ல எத்தனையோ வார்த்தை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒன்றுதான் இருந்தது. "என் அப்பா செத்துவிட்டார்" என்றேன். மார்ச்சிலிருந்து அதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"ஓபாவா? வேன் ஓபாவா?"

தலையை ஆட்டினேன். எப்போது, ஏன் சொல்லவில்லை, ஏன் விசேஷத்துக்கு வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேதத்தையும் குழந்தையையும் ஒரு வீட்டில் சேர்க்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவளுக்கு அது விளங்கவே இல்லை. அவர்கள் ஊரில் துக்கப்பட்டவரைத்தான் எல்லாரும் நடுவில் உட்கார வைப்பார்களாம்.

"உனக்கு அப்பா, சரி. எனக்காக ஒரு மனிதர் நிற்கிற வண்டியில் பெல்ட் போட்டாரே, அவர் எனக்கு யார்? எனக்குச் சொல்ல வேண்டாமா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். வெளியே ஒருவர் கதவுக் கண்ணாடியைத் தட்டி, கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள். போகிற வழியில், உன் ஊரில் அடுத்து என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டாள். வருகிற அமாவாசைக்குத் தம்பி கடலில் திதி கொடுப்பான் என்றேன். எந்த நாள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் எள் போட்டால் எள் விழாது. தம்பி யாரையோ ஏற்றிக்கொண்டு போகிறான், அப்படியே அய்யாவுக்கும் கொடுத்துவிட்டு வருவான். நானும் ஏரியில் தலை முழுகிவிட்டு வருகிறேன் என்றேன். என் கணவர் மறுபேச்சில்லாமல் கிளம்பினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

தூரத்திலிருந்தே மரத்தடியில் பெருங்கூட்டம் தெரிந்தது. எல்லாரும் கறுப்பும் சிவப்புமாக உடுத்தியிருந்தார்கள். கானாக்காரர்கள் துக்கத்துக்கு உடுத்துகிற நிறம் அது. பாவம், அவர்களில் யாருக்கோ சாவு விழுந்திருக்கிறது, நாம் வேறு பக்கம் போவோம் என்று நிலாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. "அம்மா, அங்க பாரு" என்றாள். லிண்டன் மரத்தில் சாய்த்து வைத்த பெரிய படத்தில் அய்யா உட்கார்ந்திருந்தார். வீடியோ காலில் அக்கோசுவா எப்போதோ பிடித்து வைத்த படம். வேன் சீட்டில், வாய் கொள்ளாத சிரிப்போடு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே பெல்ட்டோடு இருந்தார்.

என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்பின் தெரியாதவர்கள் வலப்பக்கத்திலிருந்து வரிசையாக வந்து எங்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்தார்கள். கோஃபியின் அத்தை, பெரிய உடம்புக்காரி, என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தத் தோளைத்தான் நான் மார்ச்சிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். கட்டிப் பிடித்துக் குரல் எடுத்தேன். எனக்கு ஒப்பாரி பாடத் தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேனெடுத்துப் போனீகளே அய்யா, என்னை
ஏத்தாமப் போனீகளே"

என்று வந்தது. அத்தைக்கு ஒரு எழுத்து விளங்கியிருக்காது. ஆனால் நான் மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் அவள் தன் மொழியில் எடுத்துக் கொடுத்தாள்.

வெயிலில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வெந்த இறால் நிறத்தில் ஒருவர் ஈரக் கால்சட்டையோடு ஓடி வந்தார். ஆம்புலன்சைக் கூப்பிடவா என்றார்.

"இவளுடைய அப்பா இறந்துவிட்டார்" என்றாள் அக்கோசுவா.

அவர் பதறிப்போய்த் தண்ணீரைப் பார்த்தார். "ஏரியிலா?"

"இல்லை, இந்தியாவில்."

"இன்றைக்கா?"

"மார்ச்சில்."

அவர் மாதத்தை யோசித்தார், எங்களைப் பார்த்தார், அய்யாவின் சிரிப்பைப் பார்த்தார். ஆழ்ந்த அனுதாபம் என்று முறைப்படி சொன்னார். பிறகு போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். அத்தை ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அவர் கையில் திணித்தாள். அவர் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த நிழலில் உட்கார்ந்த முதல் ஜெர்மன்காரர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு பாட்டுப் போட்டார்கள். கறுப்பும் சிவப்புமாக அத்தனை பேரும் படத்துக்கு முன்னால் மெதுவாக, ஒவ்வொரு அடியாக ஆடினார்கள். எனக்கு ஒரு கணம் திக்கென்றது. எங்கள் ஊரிலும் சாவுக்குக் கொட்டு உண்டு, பாடைக்கு முன்னால் ஆட்டம் உண்டு, ஆம்பளைகள் ஆடுவார்கள் என்று அப்புறம்தான் நினைவு வந்தது. என் கணவர் எழுந்து போய் ஆடினார். மாமனாருக்கு அவர் செய்யாமல் விட்டிருந்தது அதுதான்.

நான் ஏரியில் இறங்கித் தலை முழுகிவிட்டு வந்தபோது தம்பி கூப்பிட்டான். வெள்ளை வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னால் கடல், அதைவிட அதிகமாகத் தலைகள். "குடுத்துட்டேன் அக்கா. நல்லபடியா குடுத்துட்டேன்" என்றான். நான் போனைத் திருப்பி மரத்தடியைக் காட்டினேன்.

"அக்கா, அய்யா எப்ப பெல்ட் போட்டாக?"

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போட்டாகடா. இந்தப் புள்ளைக்காக."

"எங்க யாரு சொல்லியும் போட்டதில்லையே. வீட்டுல மாலை போட்டு வச்சிருக்கிற படத்துல மொறச்சுக்கிட்டுல்ல இருக்காக. எனக்கு இதை அனுப்பு அக்கா" என்றான். அழுகிறான் என்று தெரிந்தது.

அக்கோசுவா குழந்தையைக் கொண்டுவந்து என் ஈர மடியில் போட்டாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "இன்னும் வருசம் முடியவில்லை" என்றேன். "உன் தம்பி கடலில் கொடுத்துவிட்டான், நீயும் முழுகிவிட்டாய். கொடுத்துவிட்டு வந்தால் பேசலாம் என்று ஓபா சொன்னதாக நீதானே சொன்னாய்?" என்றாள். என் அய்யாவை வைத்தே என்னை மடக்குகிறாள். விரலை நனைத்து அக்குவாவின் நாக்கில் வைத்தேன். அவள் முகத்தைச் சுளித்து, பிறகு என் விரலை விடாமல் சப்பினாள். "கோபம் இறங்குகிறது, கோபம் இறங்குகிறது" என்று கோஃபி கூவினார். நான் சிரித்துவிட்டேன்.

மூன்று மணிவாக்கில் எங்களைக் கோஃபியின் வேனில் கொண்டுவிட வந்தார்கள். பின்னால் குண்டானும் பாயும் அடைத்திருந்ததால் படத்துக்கு இடமில்லை. அக்கோசுவா அதைத் தூக்கி என் பக்கத்து சீட்டில் நிமிர்த்தி வைத்தாள். சரிந்துவிடாமல் அதன் குறுக்கே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். படத்துக்குள் ஒரு பெல்ட், படத்துக்கு மேலே ஒரு பெல்ட். போனில் தம்பி மறுபடியும் லைனில் வந்திருந்தான். அவனும் தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்துக்குத் திரும்பப் போகிறான். அவன் தோளுக்குப் பின்னால் அய்யா கரைந்த கடல் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஏரியில் இன்னும் நல்ல வெயில்.

அக்கோசுவா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். சாவியில் கை வைத்தபடி, கண்ணாடியில் எங்களைப் பார்த்து, ஜெர்மனில் கேட்டாள்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

அவள் ஓட்டுகிற பேருந்தில் இதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நிலா சொன்னாள், என் கணவர் சொன்னார், கோஃபி சொன்னார். பாக்கி நான்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரை விட்டுவிட்டுக் கிளம்புகிறோமா, அவரை ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கோசுவா கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்கிறவரைக்கும் அவள் சாவியைத் திருப்பமாட்டாள்.